இணையத்தில் ஒரு விலாசம்: கடாரப் பகுதி வணிகரின் இணையத்தள அடையாள வடிவமைப்பு குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கவிதை, நாவல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாக ஏற்றுக்கொண்ட தமிழ்க் கல்வியுலகம், ஒரு கடையின் பெயர்ப்பலகையையோ ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தையோ அவ்வாறு ஏற்றுக்கொள்ளவில்லை. அவை வணிகத்தைச் சார்ந்தவை, வரைகலைஞரின் பொறுப்பில் உள்ளவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், தொழில் செய்யும் தமிழர் ஒருவர் தமக்கோர் இணையத்தளத்தையும் அதனோடு ஒரு வணிகச் சின்னத்தையும் அமைத்துத் தருமாறு வடிவமைப்பாளரிடம் கேட்கும்போது அங்கு நிகழ்வது யாது? ஒரு பெயர் தெரிவு செய்யப்படுகிறது. அப்பெயர் எந்த எழுத்தில், எந்த உருவில் அமைய வேண்டும் என்று முடிவாகிறது. எதை முதலில் சொல்வது, யாரை விளித்துச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பனவும் உறுதியாகின்றன. இவை அனைத்தும் மொழி சார்ந்த முடிவுகளே. தமிழாசிரியர் இவற்றில் தலையிடுவது பெரும்பாலும் இறுதிக் கட்டத்தில்தான். எழுத்துப் பிழை பார்த்துத் தருமாறு கேட்கப்படும் நிலையில்தான். அதற்குள் பிழையானவை எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தை, அதாவது கோத்தா கோலா மூடா, மெர்போக், பீடோங், சுங்கைப் பட்டாணி ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும் முன்வைத்து இவ்வடிவமைப்பு முறையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தனிப்பட்ட எந்த நிறுவனத்தின் தளத்தையும் இங்குப் பெயர் சுட்டிக் குறைகூற முற்படவில்லை. குறை பரவலாக இருக்கும்போது ஒருவரைச் சுட்டுவது முறையன்று.

விலாசமும் குறியும்

வணிக அடையாளம் என்னும் கருத்து மேலைநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானது என்னும் எண்ணம் வடிவமைப்பாளரிடையே வலுவாக உள்ளது. அதனால்தான் அதற்குரிய சொற்களையும் வழிமுறைகளையும் அவர்கள் ஆங்கில நூல்களிலிருந்தே பெறுகின்றனர். இவ்வெண்ணத்திற்கு மறுப்பு நம் கடற்கரையிலேயே கிடைத்துள்ளது. கெடாவுக்கு வடக்கே, அதே மேற்குக் கரையில், இன்றைய தாய்லாந்தின் கிராபி மாநிலத்திலுள்ள குலோங் தோம் என்னுமிடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் 'பெரும்பதன் கல்' என்னும் பொருள்பட, பொது ஆண்டு 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசனின் புகழோ தெய்வத்தின் பெயரோ அதில் இல்லை. கடல் கடந்து வந்த பொற்கொல்லர் ஒருவர் தம் தொழிற்கருவியில் தம் பெயரைத் தம் எழுத்தில் பொறித்துக்கொண்டார், அவ்வளவே. பெயர், பொருள், உடைமை என்னும் மூன்றும் இரண்டு சொற்களில் அடங்கிவிட்டன. இன்றைய வடிவமைப்பாளர் பலர் பல பக்க விளக்கவுரையுடன் சமர்ப்பிக்கும் சின்னங்களில் இத்தெளிவைக் காண்பது அரிது.

வணிகக் குழுக்களும் இப்பகுதியில் தம் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றுள்ளன. தக்குவாப்பாவிலுள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு மணிக்கிராமத்தாரையும், சுமத்ராவின் பாருசு அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகின்றன. இவை நன்கு அறியப்பட்டவையாதலின் விரிக்க வேண்டியதில்லை.

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் 'விலாசம்'. பினாங்கில் 1857ஆம் ஆண்டிலேயே கோயில் அமைத்துக்கொண்ட இச்சமூகத்தார், மலாயா முழுவதும் வட்டித் தொழில் நடத்தியபோது ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விலாசத்தால் அறியப்பட்டது. முன்னோர் பெயர்களின், அல்லது பங்காளிகளின் பெயர்களின் முதலெழுத்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்து அமைவது அது. பத்திரத்தில் கையெழுத்தும் அதுவே. கடையின் பெயரும் அதுவே. மூன்றாண்டுத் தவணையில் வந்து போகும் முகவர் மாறினாலும் விலாசம் மாறுவதில்லை. கடன் வாங்குவோர் நம்பியது முகவரின் முகத்தை அன்று, அந்த எழுத்துகளை. வணிக அடையாளம் என்று இன்று பாடநூல்கள் விளக்குவது இதனைத்தான்.

இச்சொல்லின் பொருள் வரலாறும் கருதத்தக்கது. பொதுவழக்கில் விலாசம் என்பது முகவரியைக் குறிக்கிறது. வணிகப் பெயர், இருப்பிடம் ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த மொழி தமிழ். இணையத்தில் ஒரு நிறுவனம் பதிவு செய்துகொள்ளும் தளப்பெயரும் இவ்விரண்டுமாகவே இயங்குகிறது: அது பெயராகவும் இருக்கிறது, வந்து சேர வேண்டிய இடமாகவும் இருக்கிறது. 'டொமைன்' என்பதற்குக் களம், கொற்றம், ஆள்களம் என்று கலைச்சொல் தேடியவர்கள் விலாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்பளிக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இத்தகைய விலாசம் இருந்ததா என்னும் வினா எழலாம். அவர்கள் கையால் உருவான பொருளுக்குக் குறி இருந்தது. ஆனால் அது அவர்களுடையதன்று. பால் உறைந்து தகடாகி உருளைகளின் வழியே செல்லும்போது, இறுதி உருளை தோட்டத்தின் குறியைத் தகட்டில் அழுத்திவிடும். புகைக்கூடத்திலிருந்து வெளிவந்த தகடு கம்பெனியின் பெயரைத் தாங்கி இலண்டனுக்குச் சென்றது. 1965ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர் முறை அறிமுகமான பின்னர், கட்டிகளாக விற்கப்பட்ட ரப்பரில் தோட்டக் குறியின் இடத்தைத் தரக்குறியீடு பிடித்துக்கொண்டது. சீவியவர், பால் சேர்த்தவர், உருளை சுற்றியவர் எவருடைய பெயரும் எக்கட்டத்திலும் அதில் இடம்பெறவில்லை. அத்தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சுங்கைப் பட்டாணியில் சிறுதொழில் தொடங்கித் தமக்கொரு பெயரும் குறியும் கேட்கும்போது, அவர்கள் கேட்பது வெறும் அலங்காரமன்று. குடும்பத்தில் முதன்முறையாக ஒருவர் தாம் செய்த பொருளின்மேல் தம் பெயரை இடுகிறார்.

அதேவேளை, பிறருடைய குறிகளைத் தோட்டத்து மக்கள் தம்வயப்படுத்திக்கொண்ட முறை கவனத்திற்குரியது. சிங்கப்பூரில் 1928ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனத்தின் தைலம் நம் வீடுகளில் 'கோடாலித் தைலம்' ஆயிற்று. புட்டியிலிருந்த எழுத்தை எவரும் படிக்கவில்லை. படத்தைப் படித்தனர், தமிழில் பெயரிட்டனர். ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டங்களுக்கும் தொழிலாளர் தமக்கேற்ற தமிழ்ப் பெயர்களை வழங்கினர். குறியைப் பார்த்தவுடன் வாய்க்கு ஒரு பெயர் வர வேண்டும் என்பதே இம்மக்கள் வடிவமைப்புக்கு விதித்த இலக்கணம் எனலாம். வாய்க்கு வராத சின்னம் அழகாக இருந்தாலும் பயனற்றது.

கடாரம் என்னும் பெயர்

இப்பகுதித் தமிழ் வணிகர் ஒருவர் வடிவமைப்பாளரை அணுகினால் முன்மொழியப்படும் முதற்பெயர்களுள் 'கடாரம்' ஒன்றாக இருப்பது இயல்பே. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் விளக்கியிருப்பதும், இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டளவிலான கடற்படையெடுப்பும், 'கடாரங்கொண்டான்' என்னும் விருதும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. கடாரம் கெடாவே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஆகவே பெயருக்கு உரிமை உண்டு. எந்தக் கடாரம் என்பதே வினா.

வழக்கமான வடிவமைப்பில் அது இராசேந்திரனின் கடாரம். பாய்மரக் கப்பல், பாயும் புலி, பொன்னிறம். சோழனின் புலி இலச்சினையை எடுத்துக் கடாரத்துக் கடையின் நெற்றியில் ஒட்டுவது வரலாற்று நோக்கில் விந்தையானது. படையெடுத்து வந்தவனின் சின்னம் அது. படையெடுப்புக்கு உள்ளான ஊரின் பெயரோடு அதனைச் சேர்க்கிறோம். ஆனைமங்கலச் செப்பேடுகள் காட்டும் கடாரம் வேறு. அங்குக் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்பியவன். இராசராசன் அதற்கு ஊர் வழங்கியவன். கொடுக்கல் வாங்கலும் வழிபாடும் சார்ந்த அந்த உறவே வணிகர் ஒருவருக்குப் பொருத்தமான மரபு. போர்க்கப்பலைக் காட்டிலும் சரக்குக் கப்பல் ஊறுகாய்ப் புட்டிக்கு இசைவானது என்று சொன்னால் நகைக்கத் தோன்றலாம். ஆனால் வடிவமைப்பில் பொருத்தம் என்பது இதுதான்.

மண்ணுக்கடியில் இருக்கும் கடாரமும் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்சு 1930களில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த சண்டிகளும், பின்னர் மீட்டமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் சண்டியும், 1980இல் மெர்போக்கில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளிப்படுத்திய இரும்பு உருக்குக் களங்களும் இதற்குச் சான்று. 2013ஆம் ஆண்டில் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்தழிக்கப்பட்டது. கடாரம் என்னும் பெயரைத் தம் தளத்தின் முகப்பில் பொறித்துக்கொள்ளும் ஒருவர், தம் தளத்தின் ஏதேனும் ஒரு பக்கத்தில் அச்சண்டி எங்கிருந்தது, என்ன ஆயிற்று என்பதை நான்கு வரிகளில் எழுதினால் பெயருக்கும் ஊருக்கும் தொடர்பு ஏற்படும். எழுதாவிடில் கடாரம் என்பது பொன்னிறச் சொல் மட்டுமே.

கோத்தா கோலா மூடாவுக்கு வேறொரு சிக்கல் உள்ளது. ஊர்ப்பெயரிலேயே கோட்டையும் கழிமுகமும் ஆறும் இருக்கின்றன. 'கோத்தா' என்பது நம் கோட்டை என்னும் சொல்லோடு உறவுடையது. ஆயினும் 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் வெளியூரார் இவ்வூரைப் பெரிதும் ஆழிப்பேரலையோடு சேர்த்தே அறிவர். மலேசியாவில் அன்று உயிரிழந்தோர் 68 பேர். சேதமுற்ற படகுகளை அடுக்கி அமைத்த நினைவுச்சின்னம் ஊரின் காட்சி அடையாளமாகவே ஆகிவிட்டது. இவ்வூர்ச் சார்பில் உணவகமோ தங்கும் விடுதியோ நடத்துபவர் அப்படத்தைத் தம் முகப்புப் பக்கத்தில் இடலாமா? இடக்கூடாது என்பதே என் கருத்து. ஊரின் துயரம் ஊராருக்குரியது. அதனை ஒரு தனிக்கடையின் பதாகையாக்குவது கூசத்தக்கது.

ஆற்றின் எதிர்க்கரையில், பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த கோலா மூடாவில் நடைபெறும் மீன் ஏலத்தையும் இங்கு நினைவுகூரலாம். வாங்குவோர் தாம் கேட்கும் விலையை விற்பவரின் காதில் மெல்லச் சொல்வதால் அது கிசுகிசுப்புச் சந்தை எனப் பெயர் பெற்றது. பலகையும் இல்லை, கூவலும் இல்லை. பெயரைப் பெரிதாக எழுதினால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று எண்ணும் வடிவமைப்பாளர் ஒருமுறை அங்குச் சென்று பார்க்கலாம்.

எழுத்தும் எழுத்துருவும்

பெயர் முடிவான பின்னர் எழுத்து. இங்குத்தான் மிகப் பெரிய இழப்பு நிகழ்கிறது. தமிழ் எழுத்தில் தலைப்பெழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எழுத்துகளின் அகலம் சமமாக இல்லை. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே சதுரத்தில் அடங்கா. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே நிற்கின்றன. உரோம எழுத்துக்கென வகுத்த சட்டகத்தில் தமிழைப் பின்னர் நுழைக்க முயலும்போது எழுத்து நெளிகிறது, மெலிகிறது, அல்லது ஆங்கிலப் பெயருக்குக் கீழே ஒரு கோடுபோல் சுருங்குகிறது. சின்னம் ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டுத் தமிழ் அதற்கு உரையாக ஒட்டப்படுகிறது.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, அதாவது 1991இலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் வரைகலை மென்பொருள்கள் தமிழின் கூட்டெழுத்துகளை நெடுங்காலம் சரிவரக் கையாளவில்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறும். ஆகவே வரைகலைஞர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அதனைப் படமாக மாற்றித் தளத்தில் இட்டனர். சின்னத்திற்கு அது போதும். ஆனால் பலர் அறிமுகவுரை, விலைப்பட்டியல், முகவரி ஆகிய அனைத்தையும் அவ்வாறே படமாக்கிவிட்டனர். மனிதர் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது எழுத்தே இல்லாத படம். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அவ்வாறே. மென்பொருள்கள் திருந்திய பின்னரும் இப்பழக்கம் முற்றிலும் மறையவில்லை. தமிழில் எழுதிவிட்டு, தமிழில் தேடுவோருக்குக் கிடைக்காதபடி அதனை மறைத்து வைப்பதை வேறென்னவென்று சொல்வது?

இதில் மலேசியத் தமிழருக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' அவர் வடித்த எழுத்துரு. இன்று முக்தா மலர், மீரா இனிமை, கவிவனார் முதலிய எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எழுத்துருவின் குணத்தையறிந்து தெரிவு செய்யும் பயிற்சியே இல்லை. கையெழுத்துச் சாயலுடைய கவிவனாரை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும், தட்டையான திரை எழுத்தைக் கோயில் அழைப்பிதழுக்கும் இடுகின்றனர்.

பெயரிடுதலில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' தனித்துப் பாராட்டத்தக்கது. கைப்பேசியில் தமிழ் எழுதும் செயலிக்கு இட்ட பெயர் அது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று தொடக்கப்பள்ளியில் ஓதிய எந்தத் தமிழ்ப்பிள்ளைக்கும் அப்பெயர் உடனே விளங்கும். அதில் செல்பேசியின் 'செல்' இருக்கிறது, செல்லுதல் என்னும் வினையும் இருக்கிறது. வேறு எம்மொழியிலும் இப்பெயரை உருவாக்க இயலாது, மொழிபெயர்க்கவும் இயலாது. கெடாவின் லூனாசைச் சேர்ந்த ம. நவீன் 2007இல் அச்சிதழாகத் தொடங்கிப் பின்னர் இணைய இதழாக வளர்த்த 'வல்லினம்' இதழின் பெயரும் இத்தன்மையதே. இலக்கணச் சொல்லொன்று இதழின் நிலைப்பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஈரிடத்தும் கருத்தாக்கம் மொழிக்குள்ளிருந்து பிறந்துள்ளது என்பதே கருதத்தக்கது.

முகப்புப் பக்கத்தின் ஒழுங்கு

நகரத் தெருக்களில் பெயர்ப்பலகை வைப்போர், தேசிய மொழிக்கு முதன்மையான இடமும் பெரிய அளவும் தர வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. அது சட்டம், அதில் விவாதமில்லை. தமிழ் அங்கே மூன்றாம் வரியில் சிறிதாக நிற்பதற்குக் காரணம் உண்டு. இணையத்தளத்திற்கு அத்தகைய இடநெருக்கடி இல்லை. ஒரே தளத்தில் மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் தத்தமக்குரிய முழுமையான பக்கங்களைப் பெறலாம். வாசகர் எதனை வேண்டினாரோ அது பக்கம் முழுவதையும் நிறைக்கலாம். ஆயினும் நம் தளங்கள் தெருப்பலகையின் அடுக்கையே அப்படியே பின்பற்றுகின்றன. ஆங்கிலம் பெரிதாக, தமிழ் நெற்றிப்பொட்டாக. யாரும் இடாத கட்டுப்பாட்டை நாமே நமக்கு இட்டுக்கொண்டுள்ளோம்.

நெற்றிப்பொட்டு என்று சொன்னது மிகையன்று. 'வணக்கம்' என்னும் சொல்லோடு தமிழ் முடிந்துவிடும் தளங்கள் பல. வரவேற்பு தமிழில், விவரம் ஆங்கிலத்தில். வரவேற்புக்கு மட்டும் பயன்படும் மொழி, வந்தவர் உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விவரமும் தமிழில் இருக்கும் தளங்களில் மொழிபெயர்ப்பின் சிக்கல் எழுகிறது. 'வேறுபாட்டைச் சுவையுங்கள்' போன்ற தொடர்களை உணவுப்பொருள் விளம்பரங்களில் காண்கிறோம். தமிழில் வேறுபாட்டைக் காணலாம், உணரலாம், சுவைக்க இயலாது. இலக்கணப்பிழை எதுவும் இல்லாததால் தமிழாசிரியரின் சிவப்பு மையும் இதனைத் தொடுவதில்லை. 'கைப்பக்குவம்', 'கைம்மணம்' என்று நம் வீடுகளில் வழங்கும் சொற்களுள் ஒன்று, அத்தொடர் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு தமிழுக்கு வருவோருக்கு இச்சொல் கிடைக்காது. ஏனெனில் இதற்கு நேரான சொல் அங்கில்லை.

விளிமுறையும் அவ்வாறே. 'இங்கே சொடுக்கவும்', 'படிவத்தைப் பூர்த்தி செய்யவும்' என்னும் தொடர்கள் அரசாங்க அலுவலகச் சாளரத்தின் குரல். கடைக்காரர் தம் வாடிக்கையாளரிடம் அவ்வாறு பேசுவதில்லை. 'பாருங்கள்', 'எழுதுங்கள்', 'கேளுங்கள்' என்கிறார். ஒரே தளத்தில் ஒரு பக்கம் 'செய்க' என்றும், அடுத்த பக்கம் 'செய்யவும்' என்றும், மற்றொரு பக்கம் 'செய்யுங்கள்' என்றும் அமைவது, மூவர் ஒரே வாயால் பேசுவது போலாகும். வணிக அடையாளம் என்பது நிறத்திலும் வடிவத்திலும் மட்டுமன்று, ஏவல் வினையின் விகுதியிலும் இருக்கிறது என்பதை வடிவமைப்பாளருக்கு எடுத்துரைக்கத் தகுதியுடையோர் தமிழாசிரியரே.

ஊர்ப்பெயர் எழுதும் முறையில் ஒருமையின்மை வேறொரு தடை. கோத்தா கோலா மூடா, கோத்தா குவாலா மூடா என்றும், சுங்கைப்பட்டாணி, சுங்கை பட்டாணி, சுங்கை பெட்டானி என்றும் எழுதப்படுகின்றன. மனித வாசகருக்கு இது சிறு இடர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்கு அவை வெவ்வேறு ஊர்கள். அதோடு, 'சுங்கைப் பட்டாணியில்', 'சுங்கைப் பட்டாணிக்கு' என்று உருபேற்கும்போது சொல்லின் உருவும் மாறுகிறது. ஆகவே முகவரிப் பகுதியிலேனும் ஊர்ப்பெயர் உருபேற்காமல், ஒரே எழுத்துமுறையில் நிற்க வேண்டும். மலேசிய ஊர்ப்பெயர்களுக்கு ஒரு தரப்படுத்தப்பட்ட தமிழ் எழுத்துப் பட்டியலை உருவாக்குவது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் எளிதில் செய்யக்கூடிய பணி. ஆய்வேடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது இது ஒரு பருவத்து வேலை.

ஒரு மாதிரி

மேற்கூறியவற்றைப் பொருத்திப் பார்க்க ஒரு வாடிக்கையாளரைக் கற்பனை செய்துகொள்வோம். பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் வாழ்ந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர் சுங்கைப் பட்டாணியில் குடியேறிய ஒரு குடும்பம். தாயும் மகளும் முறுக்கும் ஊறுகாயும் செய்து, தீபாவளிக் காலத்தில் பினாங்கு வரை அனுப்புகின்றனர். மகள் இணையத்தளம் வேண்டும் என்கிறார்.

வழக்கமான முன்மொழிவு எவ்வாறிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்: ஆங்கிலப் பெயர், தாமரை அல்லது கோலம், குங்குமச் சிவப்பு, 'பாரம்பரியச் சுவை' என்னும் தொடர். இவற்றுள் எதுவும் தவறன்று. எதுவும் இவர்களுடையதும் அன்று. தஞ்சாவூரில் உள்ளவருக்கும் தோரோந்தோவில் உள்ளவருக்கும் இதே தளத்தை விற்கலாம்.

மாற்று முன்மொழிவு உசாவலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டார் இந்த முறுக்கை என்ன சொல்லிக் கேட்கின்றனர்? தாயின் பெயரைச் சொல்லியா, தோட்டத்தின் பெயரைச் சொல்லியா? பெரும்பாலும் விலாசம் ஏற்கனவே மக்கள் வாயில் இருக்கும். வடிவமைப்பாளர் அதனைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். தோட்டத்தின் பெயராக இருப்பின் அதனை இழிவாகக் கருதி மறைக்கத் தேவையில்லை. ஹார்வர்டு போன்ற தோட்டங்களின் பெயர்களை இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. மரங்கள் போன இடத்திலும் பெயர் நிலைத்துள்ளது. கம்பெனி தகட்டில் அழுத்திய பெயரை அங்கு உழைத்தவரின் மகள் தம் பொருளுக்கு எடுத்துக்கொள்வதில் ஒரு கணக்குத் தீர்வும் உண்டு. சட்டப்படி வேறொருவரின் பதிவுபெற்ற குறியாக அது உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்னம் தமிழ் எழுத்திலேயே அமையலாம். முறுக்கின் சுழி 'மு'வின் சுழியிலும் 'று'வின் வளைவிலும் இயல்பாகவே இருக்கிறது. அதனைக் கண்டெடுக்கும் கண் வேண்டும். முகப்பில் பொருள், விலை, எந்நாளில் கிடைக்கும், எவ்வாறு கேட்பது என்பவை முதலில் வர வேண்டும். குடும்ப வரலாறு வேண்டுவோருக்கு அடுத்த பக்கம். 'எங்களைப் பற்றி' என்னும் தேய்ந்த தலைப்புக்குப் பதிலாகத் தாயின் பெயரையே அப்பக்கத்திற்குத் தலைப்பாக்கலாம். மலாய் வாசகருக்கும் சீன வாசகருக்கும் உரிய பக்கங்கள் தனித்தனியே எழுதப்பட வேண்டும். தமிழ்ப்பக்கத்தின் நிழலாக அவை அமைதல் கூடாது. ஊறுகாயை அறிந்தவருக்கு எழுதுவதும் அறியாதவருக்கு எழுதுவதும் ஒன்றல்ல.

தளப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதிந்துகொள்ள இயலுமா என்று மகள் கேட்கக்கூடும். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் 2010, 2011 ஆண்டுகளில் தமிழ் எழுத்திலேயே இணைய நாட்டுப்பெயர்களாக ஏற்கப்பட்டன. மலேசியாவுக்குச் சாவி எழுத்தில் அத்தகைய பெயர் உண்டு, தமிழில் இல்லை. தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல் இயங்கும் நாட்டில் இதனை எழுப்பக்கூடிய அமைப்புகள் பல உள்ளன. அதுவரை உரோம எழுத்தில்தான் விலாசம். அவ்வெழுத்துக் கூட்டலேனும் வாய்மொழிக்கு நெருக்கமாக, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளக் கூடியதாக அமைய வேண்டும். ழகரத்தை உரோம எழுத்தில் எழுதும் வழிகள் நான்கைந்து உள்ளன என்பதால், ழகரம் உள்ள பெயரைத் தெரிவதற்கு முன் இருமுறை எண்ணுவது நன்று.

இறுதியாக உடைமை. சிறு வணிகருக்குத் தளம் அமைத்துத் தருவோருள் சிலர் தளப்பெயரைத் தம் சொந்தப் பெயரிலேயே பதிந்துகொள்கின்றனர். ஆண்டுக் கட்டணம் தவறினாலோ இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டாலோ குடும்பத்தின் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடும். செட்டியார் கடைகளில் மூன்றாண்டு முடித்த முகவர், கணக்கையும் பெட்டகத்தையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். விலாசம் முதலாளியினுடையதாகவே இருக்கும். வடிவமைப்பாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், தளப்பெயர், சின்னத்தின் மூலக்கோப்பு, எழுத்துரு உரிமம், நுழைவுச் சொற்கள் ஆகிய நான்கும் வாடிக்கையாளரின் பெயரில் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்னும் வரி, அந்த மகள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இடம்பெற வேண்டும்.